தலைவர் படம் எறங்குற வரைக்கும்

அந்த மவுசைப் போட்டு அப்படி அமுக்காதீங்க அண்ணாச்சி! அமுக்குனா சீக்கிரம் வந்துருமாக்கும்? அது என்ன அடிபம்பா, நாலு அமுக்கு அமுக்குனா கொடகொடன்னு கொட்டுறதுக்கு? மதுரையில இருந்து லைன் வரணும். இப்பத்தான மோடம் கீய்ய்யி, கொர்ர்ருன்னு கத்தி ஓஞ்சிருக்கு. வரும். செத்த நேரம் சும்மா இருங்க. எனக்கு மட்டும் என்ன, பொறுமை பொங்கி வழியுதாக்கும்? பஸ்ஸு கொஞ்சம் மெதுவாப் போனாலே எறங்கி ஓடிரலாமான்னு இருக்கும் எனக்கு. என்னைக் கொண்டாந்து இந்த பிரவுசிங் சென்டர்ல உக்கார வச்சிருக்கு பாருங்க விதி!

ஆங், மேல நீலமா ஒரு கோடு தெரியுதா? அது வானம். ஆண்டாள் கோவில் கோபுரத்துக்கு மேல உள்ள வானம். இனி கலசம் வரணும், பொறவு ஒவ்வொரு நெலையா எறங்கணும். ஏன் சிரிக்கீங்க? நீங்கதான போடச் சொன்னீங்க. 'நடுவக்குளம் பேரூராட்சி தங்களை அன்புடன் வரவேற்கிறது'ன்னு எழுதி, பக்கத்துலயே வில்லிபுத்தூர் கோபுரம், அதுக்குக் கீழ அய்யனார் கோவில் அருவி. கோபுரம் அவிய ஊர்ல இருக்கு. அருவி மலையில இருக்கு. நம்ம ஊருன்னு போடுறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டு கட்டணக் கழிப்பிடத்தைப் போடுன்னீங்க, புதுசாக் கட்டுனதுன்னு. நாந்தான் வேண்டாம்னுட்டேன். கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதைச் சொல்லிருவேன். இந்த வாயிக்குத்தான் பன்னெண்டாப்போட பள்ளிக்கூடத்துல இருந்து கும்பிடு போட்டு அனுப்பிச்சாவ.

அட, அந்தச் சாவிக்கொத்தை ஆட்டாம இருங்களேன்! கிலுங் கிலுங்குன்னு... எம்புட்டுச் சாவி! ஊரையே இடுப்புல சொருகிட்டுத் திரியுதீங்க. கழத்தி அந்த மேசை மேல வைங்க. ஒண்ணும் தொலையாது, நான் பாத்துக்கிடுதேன்.

ம்... என்ன சொல்லிக்கிட்டு இருந்தேன்? ஆங், படம். விடியக்காலம் முத பஸ்ஸைப் புடிச்சு ராசபாளையம் வந்து, கடை தொறக்க முன்னயே வாசல்ல நின்னு, 'தலைவர் படத்தை மாத்து, போன் நம்பரை மாத்து'ன்னு ஒத்தக் கால்ல நிக்கீங்க. சரி. நம்ம ஊருக்குத் தலைவர் யாரு? செல்லக்கனியக்கா. நீங்க யாரு? அக்காவோட வீட்டுக்காரரு. இது எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், நடுவக்குளத்துல கோழிக்குஞ்சுக்குக்கூடத் தெரியும். பொம்பளைக்கு ஒதுக்குன சீட்டு, அக்கா பேர்ல நின்னு ஜெயிச்சீங்க. நாக்காலியில நீங்க உக்காந்தீங்க, ஆபீஸ்ல கூட்டம்னா நீங்க போறீங்க. யாரும் ஒண்ணும் கேக்கல. கையெழுத்துக்கு மட்டும் தாளு வீட்டுக்குப் போவும். அக்கா அடுப்படியில கையைத் தொடச்சுட்டு வந்து போட்டுக் குடுப்பாவ. அடுத்த வருசம் ரெண்டாயிரம் பொறக்கப் போவுது, இன்னும் இப்படித்தான் ஓடுது.

கலெக்டர் ஆபீஸ் கூட்டத்துல 'உங்க ஊருக்கு வெப்சைட் இருக்கா?'ன்னு யாரோ ஒருத்தர் கேட்டுட்டாரு. அம்புட்டுத்தான், அன்னைக்கே இங்க வந்து குதிச்சீங்க. 'ஏ பரிபூரணம், நீயும் நம்ம ஊரு பிள்ளைதான, உடனே ஒரு வெப்சைட்டுப் போடு!'ன்னீங்க. என்னமோ ஒரு தோசை போடுன்னு சொல்ற மாதிரி. என்ன போடணும்னு கேட்டேன். 'தலைவர் படம் போடு, தலைவர் நம்பர் போடு'ன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டீங்க. போட்டேன். தலைவர் படத்தையும் தலைவர் வீட்டு நம்பரையுந்தான் போட்டேன். இப்ப வந்து எம்மேல பாஞ்சா?

பாருங்க, அருவி வந்துட்டு. தண்ணி எப்படி ஊத்துது! படத்துலயாவது ஊத்தட்டும். எங்க தெற்குத் தெருக் கடைசிக் குழாயில காத்துதான் வருது. இன்னைக்குக் காலையில எங்க தெருவுக்குன்னு தனியா மோட்டாரு போட்டு விடுதாவளாம். அக்கா ஏற்பாடு. எங்க அம்மா நேத்தே குடம், தவலை, அண்டா, இட்லிக் கொப்பரை வரைக்கும் வெளக்கிக் கவுத்தி வச்சுட்டா. ராத்திரியெல்லாம் அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா, என்னமோ பொண்ணு பாக்க வார மாதிரி.

என்ன? ஆபீஸ் நம்பரைப் போட்டிருக்கலாமேன்னா கேக்கீங்க? எந்த ஆபீஸ் நம்பரு? அந்தப் போனை மரப்பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டிச் சாவியை நீங்கல்ல வச்சிருக்கீங்க! அது பெட்டிக்குள்ளயே கெடந்து அடிச்சு அடிச்சு, தொண்டத் தண்ணி வத்தி அடங்கிரும். கிளார்க்கு உப்பிலி சார் பெட்டிக்கு முன்னால கையைக் கட்டிக்கிட்டு நிப்பாரு, கோவில்ல சாமி பாக்க நிக்க மாதிரி. அந்த நம்பரைப் போட்டா உலகமே நம்ம பெட்டியோடதான் பேசணும்.

செரி, மேல கேளுங்க. ஷார்ஜாவுல இருக்காருல்ல வடக்குத் தெரு சிவனாண்டியண்ணன், அவருதான் முத ஆளு. அங்க ஆபீஸ்ல எவனோ நெட்டைத் தட்டும்போது நம்ம ஊரு பேரு வந்திருக்கு. கோபுரத்தைப் பாத்துட்டு 'இது நம்ம ஊர்ல எப்பக் கட்டுனாவ?'ன்னு திகைச்சுப் போயிட்டாராம். கீழ நம்பரு இருக்க, அடிச்சுட்டாரு. எடுத்தது அக்கா. 'எங்க அம்மா வீட்டு முன்னால லைட்டு எரியல, அம்மா இருட்டுல தடவிக்கிட்டு நடக்கா'ன்னு சொல்லியிருக்காரு. அக்கா என்ன செஞ்சாவ? எந்தப் போஸ்டு, வேப்பமரத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமான்னு கேட்டுக்கிட்டு, அன்னைக்குப் பொழுதடையுமுன்ன ஆளை ஏத்தி எரிய வச்சுட்டாவ. அவரு அம்மா ஆவுடையம்மா பாட்டிக்கு என்ன நடந்துச்சுன்னே தெரியல. லைட்டு திடீர்னு எரியவும் தீவாளி வந்துட்டோன்னு வெளிய வந்து பாத்திருக்கு.

எனக்கு அதுலதான் சிரிப்பு அடங்கல அண்ணாச்சி. வடக்குத் தெருவுல நின்னு கூப்பிட்டா உங்க வீட்டுக்குக் கேக்கும். ஆனா அந்தச் சேதி கடல் தாண்டி ஷார்ஜா போயி, அங்க இருந்து திரும்பி உங்க வீட்டு அடுப்படிக்கு வந்திருக்கு! அதைக் கேட்டு மத்த தெருக்காரவியளும் பிள்ளையளுக்கு லெட்டர் போட ஆரம்பிச்சுட்டாவ. 'எலே, நெட்டுல சொல்லு, சாக்கடை அடைச்சிருக்கு'ன்னு. பம்பாய்ல இருந்து ஒருத்தரு, சிங்கப்பூர்ல இருந்து ஒருத்தரு. வெளிநாட்டுல பிள்ளை இல்லாததுக எங்கிட்ட வருதுக. 'ஏட்டி பரிபூரணம், எங்க தெருவையும் அதுல ஏத்தி விடு'ன்னு. நான் வெப்சைட்டுல உள்ள கருத்துப் பக்கத்துல ஏத்தி விடுவேன், அதைப் பாத்துட்டு வெளியூர்ல இருந்து எவனாவது அக்காவுக்குப் போன் அடிப்பான். தமிழ்ல அடிச்சா வெளியூர்க்காரனுக்குக் கம்பளிப்பூச்சி ஊருன மாதிரித்தான் தெரியும், அவன் கம்ப்யூட்டர்ல நம்ம எழுத்து கெடையாதே. அதனால இங்கிலீஷ் எழுத்துல தமிழை அடிப்பேன். படிக்கிறவன் பாடு.

உங்களுக்குக் காப்பி கெடைக்கல, சோறு நேரத்துக்கு வரல, அக்கா எப்பப் பாத்தாலும் போன்ல நிக்காவ. அதான உங்க கொறை? பேரூராட்சின்னா அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி, உங்களுக்குத்தான் இப்பத் தெரியுது.

இருங்க இருங்க, வருது. செவரு... காலண்டரு... இப்ப அக்கா தலை. வகிடு எடுத்திருக்காவ பாருங்க, என்னா நேரு! குங்குமம். அவசரப்படாதீங்க, மூக்குத்தி வரைக்கும் வரட்டும். இது எந்தப் படம்னு தெரியுதா? ரெண்டு பேரும் பதவியேத்த அன்னைக்கு எடுத்தது. ஸ்கேன் பண்ணும்போது ஓரத்தை வெட்டிட்டேன். ஆனா முழுசா வெட்ட முடியல, நீங்க அம்புட்டு ஒட்டிக்கிட்டு நின்னிருக்கீங்க. அந்தா, வலது பக்கம் வெள்ளையாத் தெரியுதுல்ல? அது உங்க தோளு. இல்லையா பின்ன! ஊரு ஒலகமெல்லாம் பாக்குது அண்ணாச்சி உங்க தோளை. அதுலயும் சட்டை என்னா மடிப்பு!

சிரிக்க மாட்டேங்கீங்க. செரி.

மாத்தத்தான் போறேன், பயப்படாதீங்க. நீங்க போன் போட்டுச் சொன்னீங்கன்னு கடை மொதலாளி சம்பத்குமார் அண்ணன் நேத்தே சொல்லிட்டுப் போயிட்டாரு. 'கடையில உருப்படியா வார வேலை இது ஒண்ணுதான். அவரு சொல்றதைச் செய், இல்லேன்னா நாளையில இருந்து வராத'ன்னு. நான் வேலைக்கு வராட்டி எங்க வீட்ல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். உடனே மாப்பிள்ளை தேட ஆரம்பிச்சிருவாவ. அதனால உங்க படம், உங்க நம்பரு, மீசை உட்பட எல்லாத்தையும் ஏத்திருவேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிருதேன், மனசுல வச்சுக்கிட்டு இருந்தா எனக்குச் சோறு எறங்காது.

நான் ஒண்ணும் தெரியாமப் போடல. தெரிஞ்சேதான் போட்டேன். 'தலைவர் படம்'னு நீங்க சொன்னது உங்களைத்தான்னு எனக்கு அப்பவே தெரியும். பொறவு ஏன் போட்டேன்? எங்க அம்மா குழாய்க்காக மனு எழுதிக்கிட்டு எத்தனை தடவை வந்தா உங்க ஆபீசுக்கு! ஒவ்வொரு தடவையும் 'வச்சுட்டுப் போம்மா'. அம்புட்டுதான் பதிலு. நீங்க கெட்டவருன்னு சொல்லல. ஏசல, வெரட்டல. நிமிர்ந்து பாக்கல, அவ்வளவுதான். ஒருநாள் அம்மா நேரா உங்க வீட்டுக்கே போயிட்டா, நானும் கூடப் போனேன். நீங்க இல்ல. அக்கா கையில மாவோட வாசலுக்கு வந்து, 'தெற்குத் தெருவா? கடைசிக் குழாயா, நடுக் குழாயா? காலையில வரலையா, சாயங்காலமுமா?'ன்னு கேட்டாவ. கேட்டுட்டு, 'நான் என்னத்தச் செய்ய, என்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்றதில்லையே'ன்னு அந்த மாவுக் கையைப் பாத்துக்கிட்டு நின்னாவ.

அதான். யாரு கேட்டாவளோ அவிய நம்பரைப் போட்டேன். இப்ப எல்லாரும் அவியகிட்டச் சொல்றாவ. அதைப் போயி மாத்தச் சொல்றீங்க... மாத்துறேன்னுட்டேன்ல, பொறவு ஏன் அப்படிப் பாக்கீங்க? படம் முழுசா எறங்கட்டும், நீங்களே ஒரு தடவை நல்லாப் பாருங்க. பாத்துட்டு, 'மாத்து'ன்னு வாயைத் தொறந்து சொல்லுங்க. உடனே மாத்திருதேன். மூக்குத்தி வந்துட்டு. இன்னும் வாயி, நாடி...

அய்யோ போச்சு! கட்டாயிட்டு! நாசமாப் போற லைனு! மூக்குத்தியோட நின்னுட்டு பாருங்க. இனி முதல்ல இருந்து வானம், கலசம், அருவி...

இருங்க, போன் அடிக்குது. நெட்டு கட்டானாத்தான் இந்தப் போனுக்கு உசுரு வரும், ரெண்டுக்கும் ஒரே லைனு.

அலோ... ஆமா, பிரவுசிங் சென்டர்தான். யாரு? அக்கா! செல்லக்கனியக்காவா! நூறு வயசு உங்களுக்கு, இப்பத்தான் உங்க மூக்குத்தியப் பாத்துக்கிட்டு... என்னது? கடை தொறந்ததுல இருந்து அடிக்கீங்களா? லைன் பிஸியா? அது... நெட்டுல இருந்தோம்க்கா. ஆமா, அண்ணாச்சி இங்கதான் இருக்காவ. எப்ப வந்தாவன்னா... கடை தொறக்க முன்னயே வந்துட்டாவ. என்ன சாவி?

மோட்டார் ரூம் சாவியா...

தெரு பூராம் நிக்குதா? எங்க அம்மாவும் நிக்காளா? அண்டாவோடயா? அய்யய்யோ. இல்லக்கா, அவிய மேல தப்பில்ல. அவிய வந்த உடனே விசயத்தைச் சொல்லிட்டுக் கெளம்பத்தான் பாத்தாவ. நாந்தான் படம் எறங்கட்டும், பாத்துட்டுப் போங்கன்னு உக்கார வச்சுப் பேசிக்கிட்டு... சாவியக்கூட நாந்தான் கழத்தி வைக்கச் சொன்னேன், சத்தம் போடுதுன்னு. இருங்க, போனை அவியகிட்டயே குடுக்கேன். அண்ணாச்சி! அக்கா...

அண்ணாச்சி?

அக்கா, ஆளைக் காணோம்க்கா. நாக்காலி மட்டும் சுத்திக்கிட்டு இருக்கு. உங்க பேரைச் சொன்ன உடனே எந்திரிச்சிருப்பாவ போல. சாவியா? கெடக்கு கெடக்கு, மேசையிலதான் கெடக்கு, கொத்தோட. மறந்துட்டாவளோ, வேணும்னே வச்சுட்டுப் போனாவளோ, யாரு கண்டா. நீங்க வைங்க, நான் கடையைச் சாத்திட்டு, நம்ம ஊரு வழியாப் போற வில்லிபுத்தூர் பஸ்ஸுல ஏறி இந்தா வந்துருதேன். பஸ்ஸு மெதுவாப் போனா எறங்கி ஓடியாந்துருவேன்.

படமா? இல்லக்கா, மாத்தல. உங்க படத்தைப் பாத்த பொறவு மாத்துன்னு அவிய வாயால சொல்லவே இல்ல. நம்பரும் அப்படியேதான் இருக்கு. இந்தக் கொத்துல போன் பெட்டிச் சாவியும் இருக்கும், அதையும் சேர்த்து உங்ககிட்டயே குடுத்துருதேன்.

அக்கா அக்கா, வச்சிராதீங்க, ஒரே ஒரு விசயம். தண்ணி ஏன் லேட்டுன்னு எங்க அம்மா கேப்பா. நாந்தான் பேசிக்கிட்டு இருந்தேன்னு சொல்லிராதீங்க... ம்ஹூம், வேண்டாம். சொல்லிருங்க. எப்படியும் வீட்டுக்குப் போன உடனே நானே சொல்லிருவேன்.