பதினொரு சென்டிமீட்டர் வெடிப்பு

ஏலக்காய் போடாத டீ வாங்கிவரச் சொன்னதற்கு நன்றி. போடிக்காரன் ஏலக்காய் வேண்டாம் என்றால் சிரிப்பார்கள். எனக்கு அந்த வாசனை ஒத்துக்கொள்வதில்லை, தலைவலி வந்துவிடும்.

நான் கல்லூரியில் புவியியல் நடத்துகிறேன். மூன்று தேர்தல்களாக நானும் நண்பர்கள் சிலரும் வேட்பாளர்களுக்கு மதிப்பெண் போட்டு வருகிறோம். மலையில் மரம் வெட்டுவதைப் பற்றி என்ன சொல்கிறார், சூரிய மின்சாரத்துக்கு என்ன செய்வார், மழைக்காலம் மாறிப்போனதை ஒத்துக்கொள்கிறாரா என்றெல்லாம் கேட்டு, பத்துக்கு இவ்வளவு என்று நோட்டீஸ் அடித்து பஸ் ஸ்டாண்டில் கொடுப்போம். சாதி பார்க்காமல் ஓட்டுப் போட ஜனங்களுக்கு ஒரு வழி வேண்டும். அது நல்ல காரியம் என்றுதான் இப்போதும் சொல்வேன்.

இந்த முறை ஒன்றியக் கவுன்சிலர் பதவிக்கு இரண்டு பேர் நின்றார்கள். பொற்கொடி சிலமலையில் விவசாயம் பார்ப்பவர். தன் கிணற்றுக்கு சோலார் மோட்டார் போட்டு, பக்கத்துத் தோட்டக்காரர்களையும் போடவைத்தவர். அவருக்கு ஒன்பது. வேலுச்சாமி ஏற்கெனவே கவுன்சிலர். போடிமெட்டுப் பாதையில் எஸ்டேட் ஆட்களை ஏற்றிப்போகும் ஆறு டீசல் ஜீப்புகள் அவருடையவை. மலைச்சரிவை வெட்டி விடுதிகளுக்கு ரோடு கொண்டுவருவேன் என்றார். மழையைப் பற்றிக் கேட்டதற்கு, "பேயுறதும் பேயாததும் நம்ம கையிலயா சார் இருக்கு?" என்று சிரித்தார். அவருக்கு இரண்டு. ஆனாலும் அவர்தான் ஜெயிப்பார் என்று ஊரே சொன்னது. ஆஸ்பத்திரி, கல்யாணம், எதற்கும் ஜீப்பு அனுப்புகிற மனிதர்.

ஓட்டுப்பதிவுக்குப் பத்து நாள் இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஜக்கம்மாள் என் வீட்டுக்கு வந்தார். மேலே எஸ்டேட்டில் களை வெட்டுகிறவர். லயத்தில், அதாவது வேலையாட்களின் வரிசை வீடுகளில், மகள் கற்பகத்தோடு குடியிருந்தார்.

"சார், லயத்துக்குப் பின்னாடி மண்ணு வெடிச்சுக் கெடக்கு. நேத்து வெரலுதான் போச்சு. இன்னைக்குக் கை போகுது. நீங்க படிச்சவரு, வந்து பாத்துச் சொன்னா கேட்டுக்கிறோம்."

மறுநாள் காலையில் போனேன். நான்கு நாள் மழையில் சரிவு ஊறிப்போயிருந்தது. வெடிப்பு பதினொரு சென்டிமீட்டர் அகலம். ஆறடிக் கம்பை உள்ளே விட்டேன், தரை தட்டவில்லை. மேட்டு மரங்கள் எல்லாம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தன. ஊற்றுத் தண்ணீர் செம்மண்ணாக வந்தது. வகுப்பில் நான் வரிசையாகச் சொல்லித்தரும் அடையாளங்கள். நீங்கள் மேசையில் வைத்திருக்கும் நோட்டில் எல்லாவற்றையும் குறித்திருக்கிறேன். அதன் கீழே 'இரண்டு அல்லது மூன்று நாள்' என்றும் எழுதியிருக்கிறேன். என் கையெழுத்துதான்.

"சாமானைக் கட்டச் சொல்லவா சார்?" என்று ஜக்கம்மாள் கேட்டார். கற்பகத்துக்குக் காய்ச்சல், வாசலில் போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தாள். வயது பதினேழு. என்னைப் பார்த்து எழுந்து நின்றாள்.

அந்த மலையில் சாமானை இறக்க வேலுச்சாமியின் ஜீப்பை விட்டால் வேறு வண்டி கிடையாது. "பழைய வெடிப்புதான், பயப்படாதீங்க" என்றேன்.

கீழே ஜீப் ஸ்டாண்டில் வேலுச்சாமி எனக்காகக் காத்திருந்தார். "மேல வெடிப்புன்னு சொல்றாய்ங்க சார். வண்டி அனுப்பவா? ரெண்டு நடை அடிச்சா அம்புட்டுப் பேரையும் வெரசா எறக்கிரலாம். பள்ளிக்கூடத்துல தங்க வச்சுக்கிறேன்."

யோசித்தேன். அவசரப்பட்டுப் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். லயத்தில் நாற்பத்திரண்டு பேர். அவர்களை அவர் இறக்கினால் அந்தப் படம் எல்லார் போனிலும் வரும். அவர் ஜெயிப்பார். ரோடு வரும், சரிவு முழுக்க வெட்டுப்படும், அடிவாரத்தில் எத்தனையோ ஊர் மண்ணுக்குள் போகும். அது புத்தகத்தில் இருக்கிற உண்மை.

"தேவையில்லை. நான் அளந்து பார்த்துட்டேன்" என்றேன்.

"நீங்க சொன்னா சரி சார்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

புதன்கிழமை காலை ஒன்பது மணிவாக்கில் மலை இறங்கியது. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போனவர்கள் தப்பித்தார்கள், ஜக்கம்மாளும்தான். வீட்டில் இருந்தவர்கள் ஒன்பது பேர், கற்பகத்தையும் சேர்த்து. வேலுச்சாமிதான் முதலில் போய்ச் சேர்ந்து மண்ணைத் தோண்டியவர். அவருக்கு நகம் பெயர்ந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

அன்று சாயங்காலமே புது நோட்டீஸ் அடித்தேன். மலையை வெட்டுகிறவருக்கா உங்கள் ஓட்டு என்று கேட்டிருந்தேன். லயத்துப் படமும் போட்டேன். "சார்தான் வேண்டாம்னாரு" என்று வேலுச்சாமி தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்தார். ஓட்டுக்காகப் பழியை என்மேல் போடுகிறார் என்று ஒருவரும் நம்பவில்லை. பொற்கொடி நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தார். ரோட்டுத் திட்டம் நின்றுவிட்டது. போய்ப் பாருங்கள், சரிவில் இப்போது மரம் நடுகிறார்கள்.

போன வாரம் ஜக்கம்மாளைச் சந்தையில் பார்த்தேன். "ஒங்களுக்கே தெரியாமப் போச்சே சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்காக வருத்தப்பட்டார். அதற்குப் பிறகு எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அதனால்தான் நோட்டை எடுத்துக்கொண்டு நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

ஒன்றை மட்டும் நான் சொல்கிறபடியே எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் சாக வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. வேலுச்சாமியின் ஜீப்பில் ஏறித் தப்பித்துவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.