முன்பக்கம் சரிந்த மேடை

— கத்தாதே! இந்தத் துணி ரூம் சாவியைத் தர மாட்டேன்னா தர மாட்டேன். அந்தத் துணிப்பெட்டி மேலயே உக்காந்திரு, மகராசி.

— கதவைத் திறங்கக்கா. இல்லேன்னா நீங்களாவது ஓடிப்போய்ச் சொல்லுங்க. மூணாவது காட்சி வந்துடும்.

— வரட்டுமே! பத்து வருஷமா இந்தக் குழுவுக்குத் துணி தைக்கிறேன், இப்படி ஒரு கூத்தைப் பாத்ததில்ல. நடக்க முடியாத பொண்ணு வேஷம். அதுக்கு நீ வந்து கேட்டா, மேடைக்குப் பத்துப் படி இருக்கு, உன்னால ஏற முடியாதுன்னுட்டாரு டைரக்டர். யாருக்குக் குடுத்தாரு? காலையில ரெண்டு மைல் ஓடிட்டு வர்ற ஹீரோயினுக்கு! கேட்டுக்கோ, இதைச் சொன்னா மளிகைக் கடைக்காரன்கூடச் சிரிக்கிறான்.

— எனக்குக் கிடைக்கலை. என் சக்கர நாற்காலிக்குக் கிடைச்சுது. அதுல பிரேக் சரியாப் பிடிக்காதுக்கா. நான் கையால சக்கரத்தைப் பிடிச்சே பழகிட்டேன். அவ அந்தக் காட்சியில விளிம்புக்கு வந்து ரெண்டு கையையும் மேலே தூக்குவா.

— ஒத்திகையில நூறு தடவை தூக்கினா. ஒண்ணும் ஆகலையே?

— ஒத்திகை நடந்தது சமதரையில. மேடை முன்பக்கமாச் சரிவு. வேஷத்துக்கு ஆள் எடுத்த அன்னிக்கு நாலு பேரு என்னைத் தூக்கி மேலே வெச்சதுமே சக்கரம் தானா நகந்துச்சு. டைரக்டர்கிட்ட சொன்னேன். முப்பது வருஷமா நாடகம் போடறேன், உன் கண்ணுக்கு மட்டும் சரிவு தெரியுதான்னு சிரிச்சாரு.

— சிரிச்ச வாய்தானே, இன்னிக்கு மூடட்டும்.

— காலையில அவகிட்ட சொல்ல வந்தேன். பவுடர் போட்டுட்டு இருக்கா, நானே சொல்லிடறேன்னு நீங்கதான் திருப்பி அனுப்பினீங்க. அப்பவாவது சொன்னீங்களா?

— மேளம் கேக்குதா? மூணாவது காட்சி ஆரம்பிச்சாச்சு.

— அக்கா!

— சொல்லலை.

— லைட்காரர் யாரோட டீ குடிச்சாருங்கறதைத் தெரு முழுக்கச் சொன்னீங்க. இதை மட்டும் வயித்துக்குள்ள வெச்சுக்கிட்டீங்களா?

— உனக்காகத்தான்டி! லேசா உருண்டு, நாலு பேரு சிரிச்சு, மானம் போனாப் போதும். அப்புறம் உன்னைத்தானே கூப்பிட்டாகணும்?

— விளிம்புக்குக் கீழே ஆள் உசரம்! அடியில சிமெண்ட் தரை! வெளியில யாராவது இருக்கீங்களா? கதவை உடைங்க!

— தட்டாதே, தட்டாதே. மேளம் அடிக்கிறான், யார் காதுலயும் விழாது… ஏன்டி மேளம் நின்னுடுச்சு?

*

— நான்தான் பேசறேன். எட்டு மாசமா போனே எடுக்கலை நீ. நான் வேற ஊருக்கு வந்துட்டா அப்படியே மறந்துடறதா? இன்னிக்கு நாடகமாமே! அந்த வேஷம் உனக்குத்தானாமே!

— ஆமாக்கா. புது டைரக்டர். படியை எடுத்துட்டுச் சாய்தளம் போட்டாச்சு. மேடையையும் சமமாக்கியாச்சு.

— பாத்தியா? கேட்டுக்கோ, எல்லாம் நான் வாயை மூடிக்கிட்டு இருந்த புண்ணியம். சரி, பழையவரு எங்க?

— மகன் வீட்டோட போயிட்டாரு. நாடகம்னு யாராவது பேச்செடுத்தாலே எழுந்து உள்ள போயிடறாராம்.

— அவ? லைட்காரனோட ஒரு இதுன்னு நான் அப்பவே சொன்னேனே?

— ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. கடல் தாண்டிப் போயிட்டாங்க. அன்னிக்கு விழுந்து உடைஞ்ச தோள் இன்னும் சரியாகலை. தலை வாரிவிடறதே அவருதான்.

— அடப்பாவமே. அப்போ என் வேலையை இப்போ யாரு பாக்கறா?

— அவளோட அம்மா. மூணு மாசமா இங்கதான். வேலை சுத்தம். பேச்சு ரொம்பக் கம்மி. நேத்து மட்டும் ஒண்ணு கேட்டாங்க. அன்னிக்கு இந்தத் துணி ரூம் கதவைப் பூட்டினது யாருன்னு.

— நீ… என்ன சொன்னே?

— நடந்ததைச் சொன்னேன்.

— அய்யய்யோ! போனை அவங்ககிட்ட குடு. நான் பக்குவமாப் பேசிக்கறேன்.

— அவங்க இங்க இல்லையேக்கா. விலாசம் கேட்டாங்க, நீங்க எனக்குப் போட்ட கடுதாசியை உறையோட குடுத்தேன். காலை பஸ்ஸுலயே கிளம்பிட்டாங்க. இந்நேரம் உங்க தெருவுக்கு வந்திருப்பாங்க.