பேரணி ஸ்டேஷன்வரை தாவரவியல்

எனக்கு ரயிலில் ஜன்னலோர இடம் பிடிக்கும். சௌந்தரத்துக்கும் பிடிக்கும், ஆனால் எனக்கு விட்டுக்கொடுத்துவிடுவாள். எங்கள் சிநேகம் அப்படிப்பட்டது.

1986இல் நாங்கள் இருவரும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு சீசன் டிக்கெட்டில் போய் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தோம். உயிரியல் டீச்சர் நவம்பரிலேயே பிரசவ விடுப்பில் போய்விட்டார். மாற்று ஆள் வரவில்லை. பொங்கல் முடிந்தபோது பாதிப் பாடம் பாக்கி இருந்தது. எங்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே செட் புத்தகம். சௌந்தரம்தான் வழி சொன்னாள். தாவரவியல் அவளிடம், விலங்கியல் என்னிடம். அவரவர் படித்ததைக் காலை பாசஞ்சரில் மற்றவளுக்குச் சொல்ல வேண்டும். பேரணி ஸ்டேஷன்வரை தாவரவியல், அதன்பிறகு விலங்கியல்.

அவள் ஒழுங்காகப் படித்துவந்து சொன்னாள். நான் தூங்கிவிட்டால் எழுப்பி, முதலிலிருந்து சொன்னாள்.

எனக்கு அப்போது வேறு வேலை இருந்தது. நூலகத்திலிருந்து எடுத்த ரஷ்ய நாவல் ஒன்று, தமிழில் எழுநூறு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் பனி. படுத்துக்கொண்டு படிக்கும்போது விலங்கியல் புத்தகத்தை அதற்கு அடியில் முட்டுக்கொடுத்திருந்தேன். முதல் நாள் பேரணி வந்தபோது என்னிடம் பாடம் ஒன்றும் இல்லை. ஆனாலும் வாக்குத் தவறுவது எனக்குப் பிடிக்காது. எனவே சொன்னேன்: இன்சுலின் மண்ணீரலில் சுரக்கிறது. துக்கம் வந்தால் நின்றுவிடும். அதைக் கண்டுபிடித்தவர் ஸ்தெபான் லூகிச் என்னும் கிராமத்து மருத்துவர். மனைவி இறந்த அன்று பனிவண்டியில் போகும்போது அவருக்கு அது தோன்றியது.

சௌந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நோட்டில் எழுதினாள். எதிரே மல்லாட்டைக் கூடையோடு உட்கார்ந்திருந்த வேர்க்கடலைக்காரி வீரம்மாள், கடலை அளந்துகொண்டிருந்த ஆழாக்கைக் கூடையிலேயே போட்டுவிட்டாள்.

"பாடமாடி இது? அந்த டாக்டரு அப்பால இன்னா ஆனாரு? அத்த சொல்லிட்டு எறங்கு."

"நாளைக்குப் பாடத்துல வர்றாருக்கா."

தினமும் வந்தார்.

சௌந்தரத்துக்கு மதிப்பெண் முக்கியம். நர்ஸ் பயிற்சியில் இடம் கிடைத்தால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் ஆவணியில் முகையூர் மாமனுக்குக் கட்டிவைப்பேன் என்று அவள் அப்பா ராஜாங்கம் சொல்லியிருந்தார். உயிரியலில் நூற்றைம்பது வந்தால் போதும் என்று அவள் நம்பினாள். அதே பயிற்சிக்கு நானும் விண்ணப்பிக்க இருந்தேன். அவளுக்குத் துணையாக இருக்கட்டுமே என்றுதான்.

பிப்ரவரி கடைசியில் நாவல் முடிந்தது. வேறு புத்தகம் இல்லாததால் விலங்கியலைத் திறந்தேன். நல்ல புத்தகம்தான். இன்சுலின் கணையத்தில் சுரப்பதாகப் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு நாளில் முழுவதையும் படித்து முடித்தேன். அந்தப் பன்னிரண்டு நாளும் ரயிலில் டாக்டர் கதையைத் தொடர்ந்தேன். தேர்வு நெருக்கத்தில் ஒருத்தியைக் குழப்புவது தவறு. வீரம்மாளும் காத்துக்கொண்டிருந்தாள்.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சௌந்தரம் கேட்டாள்.

"அந்த புக்க ஒரே ஒரு நாளு குடுடி தையலு. படம் மட்டும் பாத்துக்கினு தர்றேன்."

"பைண்டிங்குக்குப் போட்டிருக்கேண்டி. நான் சொன்னதையே படி, போதும்."

"அதான் அப்படியே மனசுல நிக்கிதே. டீச்சருகூட இந்த மாதிரி சொன்னதில்லடி."

புத்தகம் என் மடியிலிருந்த பைக்குள் இருந்தது. அவள் அந்தப் பைமேல் தலையைச் சாய்த்து விக்கிரவாண்டிவரை தூங்கினாள். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

உயிரியலில் எனக்கு நூற்று எழுபத்தொன்று வந்தது. தாவரவியலில் அவள் சொல்லிக்கொடுத்த ஒரு வரிகூட மறக்கவில்லை. அவளுக்கு நூற்று ஒன்பது. மற்றப் பாடங்களிலெல்லாம் அவள்தான் என்னைவிட அதிகம். பயிற்சிக்குத் தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது. அவள் நூற்றைம்பது வாங்கியிருந்தால் அந்த இடத்தில் யார் பெயர் இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். விலங்கியலைத் திறந்த முதல் நாளே அதை யோசித்துப் பார்த்துவிட்டேன். இதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

கல்யாணத்துக்கு முகையூர் போயிருந்தேன். மணவறையிலிருந்தே என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"பேப்பர் திருத்தினவங்க சரியா படிக்கலடி போல."

"இருக்கும்" என்றேன். அந்த நேரத்தில் வேறு என்ன சொல்வது?

இங்கே நர்ஸ் பயிற்சி விடுதியில் எனக்கு நெருங்கிய தோழி யாரும் இல்லை. அவளும் கொஞ்சம் அக்கறையாகப் படித்திருந்தால் இருவரும் ஒரே அறையில் இருந்திருக்கலாம். அவள்மேல் எனக்கு அந்த ஒரு வருத்தம் மட்டும் உண்டு.