கேசட் கவரில் ஒரு பெயர்

— அதை இன்னொரு தடவை உங்க வாயால சொல்லுங்க டேவிட் அண்ணா. என் குரலைப் பத்தி பேப்பர்ல என்னன்னு எழுதினீங்க?

— ஏர் கூலர் மாதிரின்னு எழுதினேன். சத்தம் இருக்கு, காத்து வரல்லன்னு. அது உங்க முத கேசட் வந்த காலத்தில. இன்னுமா மனசில வச்சிருக்க பிரியா?

— நான் மறந்தாலும் தில்லி மறக்கணுமே. காலேஜ் விழாவில மைக்கைப் பிடிச்சா போதும், 'கூலர், கூலர்'னு பின்னாலிருந்து குரல் வரும். ஒரு வருஷம் நான் பாடவே இல்லை, தெரியுமா?

— உள்ளதத்தான் எழுதினேன். நான் யாருக்கும் சலுகை காட்டினது கிடையாது, கேட்டியா. வெள்ளக்காரனையே விட்டதில்ல. 'ரஸ்ட் சேப்பல்' மூணாவது ஆல்பத்த ஊரே தலையில தூக்கி வச்சு ஆடிச்சு. நனைஞ்ச துண்டப் பிழியுத சத்தம்னு நான் ஒருத்தன்தான் எழுதினேன். 'கோல்டு ஃபர்னஸ்' இருக்கானே, அவன் முத ஆல்பம் இடி. ரெண்டாவது, அந்த இடிக்கு அவனே எழுதிக் குடுத்த மன்னிப்புக் கடிதம்.

— 'மில்க் டீத்'தைக் கூடத் திட்டினீங்களே, பாவம். நான் அவங்க ரசிகை.

— அழுகைக்குக் கூட எண்ணெய் தேச்சு வகிடு எடுத்து வாரியிருக்கானுவ. அதுக்குப் பேரு ஆல்டர்நேட்டிவாம். சரி, உங்க அண்ணி வினோலியா ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு வந்தா டீ போடுவா. எனக்குப் போடத் தெரியாது. வந்த காரியத்தச் சொல்லு.

— இந்தாங்க, எங்க புது ஆல்பம். ரிக்கார்டிங், மிக்ஸிங் எல்லாம் முடிஞ்சாச்சு. கவர் அடிக்கறது மட்டும் பாக்கி. தட்சிணாமூர்த்தி ஓக்லாவில பிரஸ்லயே உக்காந்திருக்கான். நான் இங்கேருந்து போன் பண்ணினா மெஷின் ஓடும்.

— தட்சி இன்னும் உங்களுக்கு டிரம்ஸ் வாசிக்கானா? நீங்க அத்தன பேரும் எங்க குவார்ட்டர்ஸ் ஸ்கூட்டர் கராஜ்ல சத்தம் போட்டுப் பழகினவங்க. பேண்டுக்குப் பேரு வச்சது நான். முத கேசட்ல கேன்டீன்காரன் வரைக்கும் நன்றின்னு போட்டீங்க. எம் பேரு எங்க பிள்ள?

— அப்போ நீங்க பேண்டிலயே இல்லையே அண்ணா.

— எங்க போனேன்? தங்கச்சி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனேன். திரும்பி வந்தா, என் எடத்தில நல்லசிவம் பேஸ் கிட்டார மாட்டிக்கிட்டு நிக்கான். 'போட்டிக்கு நாள் நெருங்கிடிச்சு'ன்னான் ஒருத்தன். நீ வாயே தொறக்கல.

— தப்புதான். அதுக்காக அப்புறம் எல்லாருமே வருத்தப்பட்டோம். உங்களை ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்திருக்கேன். மொதல்ல பாட்டைக் கேளுங்க, அப்புறம் கேக்கறேன்.

— என்ன கேப்ப, விமர்சனந்தான. போடு.

— முதல் பாட்டு எப்படி?

— சரோஜினி நகர் மார்க்கெட்ல குவிச்சுப் போட்டு விக்கிற சட்டை. லேபிள் அமெரிக்கா, தையல் பின்னால சந்து. அடுத்தது போடு.

— ரெண்டாவது?

— லீட் கிட்டார் அலறுது, எதுக்கு அலறுதுன்னு அதுக்கே தெரியல. பல்லாஸ்பத்திரி வாசல்ல நிக்க மாதிரி இருக்கு. அடியில உறுமல் ஒண்ணையும் காணோம். உங்க நல்லசிவம் தூங்கிட்டானா?

— அதைத்தான் சொல்ல வந்தேன். நல்லசிவம் இப்போ—

— இரு, மூணாவது ஓடுது. ம். உன் குரல் தேறியிருக்கு, ஒத்துக்கிடுதேன். கூலர்ல தண்ணி ஊத்தியிருக்க.

— மெஹர்பானி, ரொம்ப நன்றி. இப்போ வரது நாலாவது. இதைக் கேக்க வைக்கத்தான் பஸ் ஏறி வந்தேன். ஆரம்பத்தில பேஸ் கிட்டார் மட்டும் தனியா வரும். வேற எந்தச் சத்தமும் இருக்காது.

— நிறுத்து. திருப்பிப் போடு.

— பிடிச்சிருக்கா?

— திருப்பிப் போடுன்னேன். இன்னொரு தடவ.

— அண்ணா, என்ன ஆச்சு?

— கீழ்க் கம்பியக் கட்ட விரலால தட்டிட்டு, சுருதிய வழுக்க விடுதான் பாரு. தில்லியில அப்படி வாசிக்கது ஒருத்தன். நானாக்கும். எடத்த எடுத்தது போதாதுன்னு எங் கையையும் திருடியிருக்கான் அந்த நல்லசிவம்.

— ஐயோ, ஒரு நிமிஷம் கேளுங்க. இதை வாசிச்சது—

— அவன் பேர எங் காதில போடாத. நான் பேசி முடிச்சுக்கிடுதேன்.

— சோடோ, அதை விடுங்க. பாட்டு எப்படி இருக்குன்னாவது சொல்லுங்க. உண்மையை.

— குப்பை. பஞ்சரான தண்ணி லாரி மேட்டுல ஏறுத மாதிரி இருக்கு.

— அதுக்கா இத்தனை தடவை திருப்பிக் கேட்டீங்க?

— குப்பையில எம் பொருள் கெடந்தா கிளறத்தான் செய்வேன். இப்பம் நான் சொல்லுதத கேளு. பேப்பர்ல என் பத்தி வேணும்லா உனக்கு? எடிட்டர் பட்டாபிட்ட சொல்லி ஒரு முழுப் பக்கம் வாங்குதேன். தில்லியில வந்த ராக் ஆல்பத்திலயே இதான் உசத்தின்னு எழுதுதேன். அதப் படிச்சிட்டு எந்தப் பயலும் உன்ன கூலர்னு கூப்பிட மாட்டான். ஒரே ஒரு நிபந்தனை.

— என்ன?

— நாலாம் பாட்டுக்குக் கீழ, பேஸ் வாசிச்சவன் பேரு வரப்படாது.

— அண்ணா, அது பாவம். அந்தப் பேர் கட்டாயம் வரணும்னு பேண்ட் மொத்தமும் சேர்ந்து முடிவு பண்ணியாச்சு. பெரிய எழுத்தில வேற போட்டிருக்கோம்.

— பெரிய எழுத்தா? அப்பம் கண்டிப்பா எடுக்கணும்.

— அதைப் பாத்தா அவர் எவ்வளவு சந்தோஷப்படுவார்னு நெனச்சுப் பாருங்க.

— நெனச்சுத்தான் சொல்லுதேன். அவன் கடைக்குப் போணும். கேசட்ட எடுத்துத் திருப்பணும். பேரத் தேடணும். அது இருக்கப்படாது. நான் அப்படித்தான் நின்னேன், பாலிகா பஜார்ல. கல்யாணமான புதுசு. எம் பேரு அச்சில வந்திருக்கு வா, காட்டுதேன்னு வினோலியாவக் கூட்டிட்டுப் போயிருந்தேன். கவர முன்னயும் பின்னயும் பொரட்டிட்டே நிக்கேன். அவ ஒரு வார்த்த கேக்கல. கேட்டிருந்தா தேவல.

— இது எனக்குத் தெரியாது அண்ணா. அண்ணி கூடச் சொன்னதில்லை.

— இப்பம் தெரிஞ்சிட்டுல்லா? போன எடு.

— வேணாம், நல்லா யோசிச்சுக்கோங்க. அச்சாகிடிச்சுன்னா மாத்த முடியாது. கவரெல்லாம் நேரா பம்பாய் கம்பெனிக்குப் போயிடும்.

— வருஷக்கணக்கா யோசிச்சாச்சு.

— விட்டுடுங்களேன். பழசெல்லாம் எதுக்கு? அந்தப் பேர் இருந்துட்டுப் போகட்டும். எனக்கு உங்க முழுப் பக்கமும் வேண்டாம்.

— அந்தப் பேரு அந்தக் கவர்ல இருந்துச்சுன்னா, உன் குரலப் பத்தி மறுபடி எழுதுவேன் பாத்துக்க. இந்தத் தடவ கூலரோட நிறுத்த மாட்டேன். அதுக்கப்புறம் நீ ஒரு வருஷம் இல்ல, ஆயுசுக்கும் பாட மாட்ட.

— அச்சா.

— என்ன அச்சா?

— ஒண்ணுமில்லை. போனை இப்படித் தள்ளுங்க. ஹலோ, தட்சி? நான்தான், டேவிட் அண்ணா வீட்டிலேருந்து. கேட்டார். ஆமாம், நாலாவதைத் திருப்பித் திருப்பிக் கேட்டார். இல்லை, பேர் வேண்டாம்ங்கறார். அந்த வரியை எடுத்துடு. மொத்தமா. ஏன் கத்தறே? அவர் வாயாலயே சொன்னது, பக்கத்திலதான் உக்காந்திருக்கார். நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தாச்சு. மெஷினை ஓட்டச் சொல்லு, ஜல்தி. நான் லைன்ல இருக்கேன். ஆச்சா? சரி, வச்சுடறேன்.

— என்ன சொல்லுதான்?

— எடுத்தாச்சு. கவர் அடிக்க ஆரம்பிச்சாச்சு. சத்தம் எனக்கே கேட்டது.

— நல்லது. நல்லசிவத்துட்ட நீயே சொல்லிரு, இது டேவிட்சன் செஞ்ச வேலைன்னு. அவன் மூஞ்சி போற போக்க எனக்குப் பாக்கணும்.

— அதுக்கு நீங்க துபாய் போகணும். அவன் வேலை கிடைச்சுப் போய் ரொம்ப நாளாச்சு. இந்த ஆல்பத்தில அவன் ஒரு கம்பியைக் கூடத் தொடலை. ரெண்டு தடவை சொல்ல வந்தேன், நீங்க விடலை. அப்புறம் எனக்கே சொல்லத் தோணலை.

— பின்ன, நாலாம் பாட்டுல வாசிச்சது யாரு?

— நீங்க பேண்டில இருந்தப்போ ஒரு மழை நாள், தட்சி வரலை. நீங்க கராஜ்ல தனியா வாசிச்சுக்கிட்டே இருந்தீங்க, நான் பேசாம டேப் ரிக்கார்டரை ஓட விட்டேன். அந்தக் கேசட்டை அரைக் கட்டை சுருதி ஏத்தி, அது மேலதான் அந்தப் பாட்டையே கட்டினோம்; அதான் உங்க வாசிப்பே உங்களுக்குப் பிடிபடலை. டேவிட்சன்னு பெரிய எழுத்தில போட்டுட்டு, உங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுட்டு வரத்தான் என்னை அனுப்பினாங்க.