அண்ணன் பேரில் எடுத்த படம்

மூதூர் போகும் லாஞ்சுப் படகில் எனக்கு முன்னால் துறைமுகத் தொழிலாளர் இருவர் இருந்தார்கள். இளையவன் திடீரென்று சொன்னான்:

“அந்தப் படத்தில இருக்கிறது என்ர நெஞ்சு, மச்சான். அண்ணன்ர இல்லை.”

மற்றவன் சுருட்டை வாயிலிருந்து எடுத்தான். “என்ன கதை இது?”

“போன வருசம் எங்கட நெஞ்சைப் படமெடுக்கத் துறைமுகத்துக்கு எக்ஸ்ரே வண்டி வந்ததெல்லோ? அண்ணன் அப்பவே இருமிக்கொண்டு திரிஞ்சவர். கசம், காசநோய் எண்டு கண்டா வேலையால நிப்பாட்டிப்போடுவாங்கள் எண்டு பயம். அவற்ற பேரைச் சொல்லி நான் போய் நிண்டனான்.”

“இப்ப?”

“நெஞ்சில புற்றுநோயாம். கொழும்பில பெரிய டொக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்தார். போன வருசம் ஒண்டுமில்லை, அதுக்குள்ள இவ்வளவு வளந்திட்டுது, இந்த வேகத்தில வளருறதை வெட்டிப் பிரியோசனமில்லை எண்டிட்டார்.”

“உனக்கென்ன விசரா? அது உன்ர படம் எண்டு சொன்னா வெட்டுவாரெல்லோ?”

“சொல்லத்தான் வாயைத் திறந்தனான். அண்ணன் என்ர கையை அமத்திப் பிடிச்சிட்டார்.”

“ஏன்?”

“வெளியில வந்துதான் சொன்னவர். ‘ஆள்மாறி நிண்டவன் எண்டு உன்னையும் வேலையால கலைச்சுப்போட்டா, ரெண்டு வீட்டிலயும் ஆர் அடுப்பு மூட்டுறது?’ எண்டு.”

லாஞ்ச் இறங்குதுறையை அணைந்தது.

“அண்ணன் இப்ப எங்க?”

“துறைமுகத்திலதான். மூட்டை தூக்கிறார்.”