இலவம்பஞ்சுக் கோதா

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், கால் ஆடும். இந்தப் பெஞ்சில் உட்காருங்கள். போடியிலிருந்து ராசிங்காபுரம் வரை வெயிலில் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறீர்கள். மோர் இருக்கிறது.

உங்கள் விளையாட்டுக் கழகம் எனக்குப் பாராட்டு விழா நடத்துகிறது. விழா மலரில் போட என்னைப் பற்றி நான்கு வரி கேட்கிறீர்கள். ‘கடைசிவரை தோற்காத குத்துச்சண்டை வீரர் காசிராஜன்’ என்று தலைப்பும் எழுதிவிட்டீர்கள். அதில் பொய் இல்லை. ஆனால் மேடையில் வேலுத்தாய் கையால் எனக்குச் சால்வை போர்த்தப்போவதாகச் சொல்கிறீர்கள். அவள் புருஷன் மொக்கையன் என்னோடு மோதி இறந்தவன் என்பதால் அது பெருந்தன்மையாக இருக்கும் என்கிறீர்கள். அவளும் சம்மதித்துவிட்டாளாம். அதனால்தான் சொல்கிறேன். பேனாவை மூட வேண்டாம்.

குத்துச்சண்டை எனக்குப் பட்டாளத்தில் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதில் திரும்பி வந்து, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி ஆனேன். மைக் செட் வைத்திருந்த அழகுமலை அண்ணன் திருவிழாச் சமயங்களில் இலவம்பஞ்சுக் கிட்டங்கியில் டிக்கெட் போட்டுச் சண்டை நடத்துவார். விழுகிறவனுக்குத் தலையில் அடிபடக் கூடாது என்று கோதாவில் தார்ப்பாய்க்கு அடியில் கழிவுப் பஞ்சைப் பரப்பச் சொன்னார். நல்ல எண்ணம்தான். ஆனால் மெத்தை மேல் நின்று சண்டை போட முடியாது. கால் புதையும். வெளியூர்க்காரன் அதைப் புரிந்துகொள்வதற்குள் நான் அவனைச் சாய்த்துவிடுவேன். பல வருடம் நான் ஜெயித்ததில் பாதி அந்தப் பஞ்சு ஜெயித்தது.

ஆரம்பத்தில் நான் ஜெயிக்கத்தான் ஏறினேன். பிறகு அழகுமலை போஸ்டரில் ‘தோல்வியறியாத’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். அதற்குப் பிறகு எல்லாம் மாறியது. ஜெயிக்க நினைப்பவன் தன்னைவிடப் பலசாலியைத் தேடுவான். தோற்கக் கூடாது என்று நினைப்பவன் ஆள் பார்ப்பான். நான் ஆள் பார்த்தேன். வயது தாண்டியவன், என்னைவிட எடை குறைந்தவன், ஊர் ஊராகப் பஸ்சில் குலுங்கி வந்தவன். கெட்டிக்காரன் எவனாவது அழைத்தால் மணிக்கட்டு வலிக்கும். ஒவ்வொரு வெற்றியும் அடுத்த சண்டையின் பயத்தைக் கூட்டியது. இது எனக்கு மட்டும் உள்ளதல்ல. அந்தச் சொல் ஒட்டிக்கொண்ட எவனும் அப்படித்தான் ஆவான் என்று நினைக்கிறேன்.

மொக்கையன் தேவாரத்துக்காரன். எங்கள் தோட்டத்திலேயே மூட்டை சுமந்தான். இடது கைக்காரன். நான் தட்டிக்கழித்த ஓர் ஆளைக் கம்பம் ஊரில் ஒரே ரவுண்டில் படுக்க வைத்தான். மழைச் சேற்றில், சரிவில், மூட்டையோடு நடந்து பழகிய கால். அவனுக்குப் பஞ்சுத்தரை ஒரு பொருட்டே இல்லை.

போடிமெட்டு டீக்கடையில் ஜீப்பு ஓட்டுகிற ஜக்கையன் எல்லாரும் கேட்கும்படி கேட்டான்.

“என்ன கங்காணியாரே, மொக்கையன் கூட எப்ப?”

“அவனுக்கு ஒரு பேரே இல்லையேப்பா.”

“பேரு இல்லாதவன் குத்துனா வலிக்காதாண்ணே?”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மொக்கையன் என்னைக் கேலி செய்ததில்லை. ஒருநாள் மூட்டையை இறக்கிவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். “ஒரே ஒரு தடவண்ணே. தோத்தாலும் உங்க கூட மோதுனேன்னு சொல்லிக்கிருவேன்ல.” பார்க்கலாம் என்றேன். பார்க்கிற எண்ணம் இல்லை. அழகுமலைதான் என்னைக் கேட்காமல் போஸ்டர் அடித்துவிட்டார்.

“ஒட்டியாச்சு மாப்ளே. இனி நீ ஏறலன்னா, பயந்துட்டான்னு பேசுவாங்ய.”

ஏலச்செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதில் எங்கள் தோட்டத்தில் ஒரு முறை உண்டு. இன்று அடித்தவன் நாளை அடிக்கக் கூடாது. களை எடுக்கவோ மூட்டை தூக்கவோ போய்விட வேண்டும். முதலாளி வைத்த சட்டமல்ல அது. தொடர்ந்து அடித்த ஒருவன் வாயில் நுரை தள்ளி விழுந்ததைப் பார்த்த தொழிலாளிகள் தாங்களாக வைத்துக்கொண்டது. யாருக்கு எந்த வேலை என்று காலையில் பிரித்துவிடுவது கங்காணி.

சண்டைக்கு முந்தைய வாரம் முழுவதும் மொக்கையனுக்கு மருந்தடிப்பைக் கொடுத்தேன். “மூட்டை தூக்கினா தோள் இறுகிப்போகும்ப்பா. சண்டை முடியுற வரைக்கும் லேசான சோலி பாரு” என்றேன். அவன் கும்பிட்டான். ஒரு வாரம்தானே என்று முறையை யாரும் நினைவூட்டவில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் பொறாமை. எதிராளிக்கே சலுகை கொடுக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. சோர்ந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

வார நடுவில் வேலுத்தாய் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவளும் அதே தோட்டத்தில் காய் எடுப்பவள். அப்போது வயிற்றில் ஆறு மாதம்.

“அண்ணே, அவருக்குக் கண்ணு மங்குதாம். சோறும் எறங்கல. நாளைக்கு வேற சோலி குடுங்கண்ணே.”

“சண்டைப் பயம் ஆத்தா. எல்லாருக்கும் வர்றதுதான்.”

“பயமா? காட்டுக்குள்ள யானை வந்தப்ப தகரத்தத் தட்டிக்கிட்டு முன்னால நின்ன மனுசன்ணே அது.”

மருந்தடிப்பவர்களுக்கு வெல்லம் கொடுத்தால் விஷம் முறியும் என்று மலையில் ஒரு நம்பிக்கை. உள்ளே போய் ஓர் அச்சு வெல்லம் எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். மறுநாள் காலை மொக்கையன் முதுகில் மாட்டும் மருந்துப் பம்பைத் தூக்கத் தடுமாறினான். நான்தான் பின்னால் நின்று வாரை மாட்டிவிட்டேன்.

சண்டையன்று குளித்து, விபூதி பூசி வந்தான். ஏறும்போதே வேர்த்துக் கொட்டியது. வாயோரம் எச்சில் நிற்கவில்லை. “என்ன மொக்க, மணி அடிக்கிறதுக்கு முன்னாலயே நனஞ்சுட்ட?” என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். எல்லாரும் பயம் என்று நினைத்தார்கள். எனக்குத் தெரியும்.

அந்த நிலையிலும் முதல் ரவுண்டில் அவனுடைய இடது கை என் விலாவில் இறங்கியது. எனக்கு மூச்சு நின்றது. முட்டி மடங்கியது. கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். அவன் அடுத்ததை அடிக்கவில்லை, கண்ணைக் கசக்கினான். நான் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ரவுண்டில் அவன் கைகள் தானாகத் தொங்கின. நடுவராக நின்ற அழகுமலை என்னைப் பார்த்தார். நான் நிறுத்தியிருக்கலாம். முதல் ரவுண்டு எல்லார் கண்ணிலும் இருந்தது. அதை அழிக்க வேண்டியிருந்தது. அவன் விழும்வரை அடித்தேன். கீழே பஞ்சு என்பதால் விழுந்த சத்தமே வரவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஜீப்பிலேயே போய்விட்டான். போலீஸ் வந்தது. விளையாட்டில் நேர்ந்த மரணம் என்றார்கள். பம்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. என் குத்துக்கு ஆள் செத்தான் என்று தேனி வரைக்கும் பேச்சு. அதற்குப் பிறகு என்னோடு ஏற எவனும் முன்வரவில்லை. அப்படித்தான் நான் தோற்காமல் ஓய்வு பெற்றேன்.

வேலுத்தாய்க்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை வாங்கிக் கொடுத்தேன். மழையில் நனைய வேண்டாம் என்று. “அண்ணன் இல்லன்னா நானும் என் மகளும் தெருவுலதான்” என்று இன்றைக்கும் சொல்கிறாளாம். அவள் வருகிற ஜீப்பில் நான் ஏறுவதில்லை. சந்தையில் அவள் சேலை நிறம் தெரிந்தால் வேறு சந்துக்குள் போய்விடுவேன். இத்தனை வருடத்தில் அவள் முகத்தை நேராகப் பார்த்ததில்லை. மேடையில் அவள் என் தோளைத் தொட்டால் என்னால் நிற்க முடியாது.

அவளிடம் சொல்ல எனக்கு வாய் வராது. நீங்கள் சொல்லுங்கள். மருந்தடிப்பு முறையை மாற்றியது காசிராஜன். அவள் வந்து கேட்ட பிறகும் மறுநாள் பம்பை மாட்டிவிட்டது காசிராஜன். மொக்கையனைக் கோதாவில் கொல்லவில்லை. அதற்கு முன்பே கொன்றுவிட்டான். இப்படியே எழுதிப் போலீசிலும் கொடுங்கள். கையெழுத்துப் போடுகிறேன்.

மோர் குடிக்கவே இல்லையே நீங்கள்.

எழுதியதில் ஒரே ஒரு திருத்தம். முதல் ரவுண்டில் முட்டி மடங்கியது என்று சொன்னேன். மடங்கியது உண்மைதான். ஆனால் தரையில் படவில்லை. பட்டால்தான் விழுந்த கணக்கு. அதை மட்டும் சரியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.