சைஸ் பெருசா இருக்குதாம்

இல்லம்மா, வாட்ஸ்அப்லாம் அங்க போகாது. அதைத்தான் உங்க கடைக்குள்ள வந்தவுடனே சொன்னேன். என் மகன் பிரேம் இருக்கிறது கப்பல்ல. எஞ்சினியரா இருக்கான். பழைய சரக்குக் கப்பல், நெட்டுன்னு சும்மா பேருக்குத்தான். மெயில் போகும். அதுவும் வெறும் எழுத்தா இருந்தா போகும். கூட எதையாவது ஒட்டி அனுப்பினா தகராறுதான்.

நீ உன் வேலையப் பாரும்மா, நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டிருப்பேன். பஸ் ஓட்டினவன் நான். ஓட்டுறப்ப பேசக்கூடாது லா, அதையெல்லாம் சேத்து வெச்சு ரிட்டயர் ஆன பிறகு பேசுறேன்னு என் பொண்டாட்டி பஞ்சவர்ணம் சொல்லுவா.

ஆமா, அந்த வீடியோதான். வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது நான்தான். பொங்கோல்ல எங்க வீடு. போனை மைலோ டின்னுல சாய்ச்சு வெச்சு நானே எடுத்தேன். மொதல்ல என் போன்லேருந்தே அனுப்பினேன். அது என்னடான்னா, ஃபைல் பெருசு, லிங்க்கா அனுப்புறேன்னு அதுவே மாத்திடுச்சு. பிரேம் பதில் போட்டான். அப்பா, லிங்க்கெல்லாம் இங்க திறக்காது, என்ன வீடியோ, அவசரமான்னு கேட்டான். ஒண்ணுமில்லடா, சும்மான்னு எழுதிட்டேன்.

அப்புறம் பக்கத்து வீட்டு முபாரக் அதைச் சுருக்கிக் கொடுத்தாரு. அனுப்பினோம். கொஞ்ச நேரத்துல போன் டிங்குன்னுச்சு. எனக்கு ஒரே சந்தோஷம், மகன் பாத்துட்டான்னு. திறந்து பாத்தா யாரோ மெயிலர் டீமனாம். கப்பல்ல இவன் கூட வேலை செய்யிற ஆளு போலன்னு நினைச்சுக்கிட்டேன். சிரிக்காதம்மா. நன்றி டீமன், பிரேம்கிட்ட கொடுத்துடுங்கன்னு அதுக்குப் பதில் வேற போட்டேன். முபாரக்தான் வந்து சொன்னாரு, அது ஆளு இல்ல அண்ணே, உங்க மெயிலத் திருப்பி அனுப்பிட்டாங்கன்னு. சைஸ் பெருசா இருக்குதாம்.

அதென்ன கணக்கோ. என் போன்ல காட்டுறது ஒரு சைஸ், அனுப்புறப்ப இன்னும் வீங்கிடுதுன்னு நீ சொல்ற. இங்க மெயில வாங்கிக்கிறவங்க ஒரு அளவு வெச்சிருக்காங்க, அங்க கப்பல்ல அதைவிடச் சின்ன அளவு வெச்சிருக்காங்க. நடுவுல நான் யார்கிட்ட போய்க் கேக்கிறது? பஸ்ஸுன்னா நிப்பாட்டி இறங்கிப் போய்ப் பாக்கலாம்.

படமே வேணாமா? வெறும் பேச்சு மட்டுமா? எடுத்துடு. என் மூஞ்சிய அவன் பாத்ததுதானே.

இன்னும் பெருசா? அப்ப வெட்டத்தான் வேணும். ஓட விடு, கேட்டு சொல்றேன்... இது புத்திமதி, எடுத்துடு. கப்பல்ல போய் எவன் அப்பன் புத்திமதி கேப்பான். இது வீட்டு விஷயம், அவன் ரூம்ல பெயின்ட் அடிச்சது. அதுவும் போகட்டும். இதுவா? இது அவன் சின்னப் பிள்ளையில செம்பவாங் கடற்கரையில கப்பலைப் பாத்துட்டு வீட்டுக்கு வரமாட்டேன்னு அழுதது... இது இருக்கட்டுமே. முடியாதா? சரி, எடு.

இந்த இடம் மட்டும் வெச்சுக்கோ. பின்னாடி பஞ்சவர்ணம் கூப்பிடுறா பாரு, டீ ஆறுதுன்னு. இருடி, பையன்கூட பேசிக்கிட்டிருக்கேன்ல-னு ஒரு அதட்டல் போடுறேன். இது போதும். மத்ததெல்லாம் நான் கேமராவுக்குப் பேசினது. இதுதான் நான்.

மெயிலுக்குத் தலைப்பா மேல என்ன எழுதறதா? அப்பா வேலாயுதம்னு போடு. அவன் அப்பன் பேரு அவனுக்குத் தெரியும்தான், இருந்தாலும் போடு. அனுப்பிடு.

கடை நல்லா வெச்சிருக்கீங்க. கீழ தேக்கா மார்க்கெட் கூட்டத்துல வந்ததுக்கு இங்க ஏசி சுகமா இருக்கு.

வந்துடுச்சா? யாரு, பிரேமா? படிச்சுச் சொல்லு.

ஓ. டீமனா.

இன்னும் பெருசா இருக்குதாமா. ஒரு மனுஷன் பொண்டாட்டிய அதட்டுறது அவ்வளவு பெருசா?

போன் பண்ணலாம்மா, கப்பல்ல சாட்டிலைட் போன் இருக்கு. கேப்டன் மூலமாத்தான் கூப்பிடணும். அவசரம்னு கூப்பிட்டா பிள்ளை பதறிப் போயிடுவான். நடுக்கடல்ல எங்க இறங்குவான்?

கரைக்கு வந்ததும் பாக்கட்டுமேங்கிற. இந்த வீடியோ எங்க போகப்போகுது, போன்லயே இருக்கும், வந்து பாக்கட்டும். ஆனா அவன் இப்ப கேட்டுட்டு ஒரு பதில் போட்டான்னு வெய்யி, அதுக்கு நான் திரும்பி ஒரு வார்த்தை வாயால சொல்லணும்ல. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரியில சேரச் சொல்லியிருக்காங்க. தொண்டையில கட்டி, குரல்வளைய எடுத்துடுறாங்க. உயிருக்கு ஒண்ணுமில்லையாம். கழுத்துல ஒரு ஓட்டை போட்டு விடுவாங்க, அது வழியா மூச்சு வரும். அப்புறம் ஏதோ மெஷின் வெச்சுப் பேசலாமாம். பேசினா அது மெஷின் குரலுதானே. அவனுக்கு இன்னும் தெரியாது.

நீ ஏம்மா அழுவுற? வேலையப் பாரு.

புதுசா எடுக்கலாமா? எவ்வளவு பேசலாம்? மூச்சு விடுற நேரம்தானா. பரவால்ல, போகும்ல. நீ அமுக்கு, நான் சொல்றேன்.

ஆரம்பிச்சிடுச்சா? பிரேமு... இரும்மா. இவ்வளவு நேரம் வாய் ஓயாம பேசினேன், இப்ப பாரு. என்னத்த சொல்றது? ஏம்மா, உங்க அப்பா என்ன சொன்னா உனக்கு...

முடிஞ்சிடுச்சா?

வேணாம், திரும்பி எடுக்க வேணாம். அதையே அனுப்பிடு. குரல் இருக்குல்ல.